சீனத்துப் பெண்ணின் விடுப்பு விண்ணப்பம்

அன்று இடைவேளை அறையில் இருந்தவர்கள்: மேற்பார்வைக்காரி, அவள் ஜெர்மன்காரி. துவாய் மடிக்கிற எங்கள் யாழ்ப்பாணத்து அக்கா. சீனத்துப் பெண். நான். வேறு ஒருவரும் இல்லை.

ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலை அது. ஈர விரிப்பைச் சூட்டு உருளைக்குள் விட இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. ஒன்பது வருடமாக மற்ற முனையைப் பிடித்தவள் சீனத்துப் பெண். அதற்குப் பேச்சுத் தேவையில்லை. மற்றதற்கு எங்களிடம் இருந்த உடைந்த ஜெர்மன் போதும். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அக்கா கைப்பேசியில் செய்தி பார்த்துவிட்டு வந்து சீனத்துப் பெண்ணிடம் கேட்டார்.

“என்ன பிள்ளை, உங்கடை அரசாங்கம் இப்ப பிள்ளை பெறுறவைக்குக் காசு குடுக்குதாமே? நான் நாலு பெத்தனான். அங்கை பிறந்திருந்தால் இந்தத் துவாயை மடிச்சுக்கொண்டிருப்பனே?”

மேற்பார்வைக்காரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சீனத்துப் பெண் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தாள். சம்பளமில்லா விடுப்புக்கான விண்ணப்பம். அவளுக்கு ஜெர்மன் எழுத வராது. நானும் ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் பெட்டிகளை நிரப்புவேன்.

“எங்கை போறாய்?”

“ஊருக்கு. மகன் வீட்டை.”

அவளுக்கு ஒரே மகன். மருமகளுக்கு நாலு மாதம், இரண்டாவது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றால் கருவைக் கலைத்துவிடுவேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். பிறகு ஊரில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிற பெண் ஒருத்தி இவளுக்கே போன் எடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு வருடாவருடம் காசு வரும், நீங்கள் வந்து நின்றால் குடும்பத்துக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது என்றாளாம்.

“நல்ல மரியாதையாக் கதைச்சாள்,” என்றாள். “எனக்கும் அதே கந்தோரிலை இருந்துதான் வந்தவை. அப்ப எனக்கு ஏழு மாதம். ரண்டாவது கூடாது எண்டு வாகனத்திலை ஏத்தி, கலைக்கக் கொண்டுபோனவை. பெட்டைப் பிள்ளை எண்டு பிறகு சொன்னவை.”



“அதை அந்தக் கந்தோர்க்காரிக்குச் சொன்னனியே?” என்று கேட்டேன்.

“சொன்னன். அது பழைய சட்டம் அம்மா, இப்ப இல்லை எண்டாள். உனக்கு எத்தினை சகோதரம் எண்டு கேட்டன். ஒருத்தரும் இல்லையாம்.”

எனக்கு மூன்று பிள்ளைகள். பெறு என்றும் ஒருவரும் சொல்லவில்லை, பெறாதே என்றும் சொல்லவில்லை. அது பெரிய விஷயம் என்று அதுவரை நினைத்ததில்லை.

மேற்பார்வைக்காரி படிவத்தில் விரலை வைத்தாள். “ஆறு மாதத்துக்கு மேலை எண்டால் இது விடுப்பில்லை, வேலையை விடுறது. உன்ரை வதிவிட அட்டையும் செல்லாது. தெரியும்தானே?”

“தெரியும்.”

பன்னிரண்டு வருடம் நின்று எடுத்த அட்டை. அது போனால் திரும்பி வர வழியில்லை.

அக்கா என் தோளில் தட்டித் தமிழில் சொன்னார். “அஞ்சு மாதம் எண்டு எழுது தம்பி. பேரப்பிள்ளையின்ரை முகத்தைப் பார்த்திட்டு வரட்டும். பிறகு காசு குடுக்கிற அரசாங்கமே வந்து பீத்துணி கழுவட்டும்.”

அதை ஜெர்மனில் சொன்னேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

“அஞ்சிலை பிறக்கத்தான் செய்யும், வளராது. அஞ்சு எண்டு சொன்னால் மருமகள் நாளைக்கே கலைக்க ஆஸ்பத்திரிக்குப் போவாள்.”

அங்கே அந்தக் கந்தோர்க்காரி தன் பிறப்புக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்வாள். அதே கந்தோரில்தான் முன்பு ஒன்றைக் கழித்தார்கள். இரண்டு தடவையும் கொடுக்கிறவள் இவள்தான்.  

மாதம் என்ற பெட்டியில் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

“மூண்டு வயசிலைதான் பள்ளிக்கு எடுப்பினம்,” என்றாள். “பிறக்கிறதுக்கு அஞ்சு. பிறகு முப்பத்தாறு. கூட்டி எழுது.”

நாற்பத்தொன்று.