ஊத்து நாளுக்கு மறுநாள் வந்த ஆபீசர்

மண் வேலை

புருசன் போன மறுவருசம், கைப்பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, திண்டுக்கல் பழனி ரோட்டில் இருந்த ஒரு பவுண்டரியில் மண் சலிக்கச் சேர்ந்தேன். இரும்பு வார்க்கிற இடத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். வார்ப்புக்கு முதலில் வேண்டியது இரும்பு அல்ல, மண். மண்ணைச் சலித்து, களிமண்ணும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகும் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை உடையாமல் நிற்கிற பதத்துக்கு மிதித்துக் கொடுக்க வேண்டும். அந்த மண்ணில்தான் அச்சுப் போடுவார்கள். ஈரம் கூடிவிட்டால் உருகின இரும்பை ஊற்றும்போது அச்சு வெடித்து ஆள்மேல் தெறிக்கும். நான் மிதித்த மண்ணில் ஓர் அச்சுகூட வெடித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்களுக்கு மேலே சவரிமுத்து மேஸ்திரி. இரண்டு கையிலும் முழங்கைவரை பொறி தெறித்த தழும்புகள். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏத்தா, இங்க நெருப்பப் பாத்துப் பயப்படாத. ஈரத்தப் பாத்துப் பயப்படு.” வேறு பாடம் எதுவும் அவர் நடத்தவில்லை.

பள்ளிக்கூடம் நான் போனதில்லை. முதலாளி பெயரின் முதல் எழுத்துகள் ஒவ்வொரு உருப்படியிலும் வரும். அச்சு மண்ணில் அவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த முதல் எழுத்துகள் அவைதான். நேராக எழுதியதைப் படிக்கப் பிற்பாடுதான் பழகினேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். பவுண்டரியில் தினமும் உலை எரியாது. பல நாள் அச்சுப் போட்டுச் சேர்த்துவைத்து, ஒரு நாள் ஊற்றுவோம். அதற்கு ஊத்து நாள் என்று பெயர். அன்றைக்குக் கப்போலாவில் நெருப்புப் போட்டு, கோக் கரியும் பாளமாக வரும் பிக் இரும்பும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கப்போலா என்றால் கூரைக்கு மேலே தலை நீட்டி நிற்கும் உலை. மற்ற நாட்களில் அது சும்மாதான் நிற்கும். சும்மா நிற்பதால் அது செத்த உலை ஆகிவிடாது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

இரும்புக்கு வந்த பஞ்சம்

கரும்பு ஆட்டும் ஆலை உருளையும் கிணற்றுக் கப்பியும்தான் எங்கள் சரக்கு. பிக் இரும்பும் கோக்கும் சர்க்கார் பர்மிட்டில் வரும். அது வரவரக் குறைந்தது. வெளியில் கள்ள விலைக்கு வாங்கி வார்த்தால் உருளை விலை ஏறியது. வடக்கே பெரிய ஆலைகளில் வார்த்த உருளைகள் கூட்ஸ் வண்டியில் வந்து எங்கள் விலைக்குக் கீழே விற்றன. வாரா வாரம் இருந்த ஊத்து, மாதம் ஒன்று ஆனது. பிறகு அதுவும் நிச்சயமில்லை. அச்சுப் பெட்டிகள் அடுக்கியபடியே தூசி பிடித்தன. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

ஊரில் இருந்த பவுண்டரி முதலாளிகள் சேர்ந்து சர்க்காரிடம் மனுக் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டு விலையில் இரும்பு கொடுங்கள், இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று. ஓர் ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், ஓடுகிற பட்டறைக்குத்தான் இரும்பு என்று பதில் வந்தது. எங்கள் எல்லோருடைய சோறும் அந்த ஒரு நாளில் போய் நின்றது.

பாலசமுத்திரத்திலிருந்து ஆறுமுகம் என்று ஒரு விவசாயி வருவார். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிறவர். ஆலை உருளைக்கு வெகுநாள் வாடிக்கை. அந்த முறை வடக்கத்தி உருளையை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, எங்கள் வாசலில் தண்ணீர் குடிக்க நின்றார். விசயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“ஏனுங்க மேஸ்திரி, எங்கிணறு வத்துனப்ப எந்தச் சர்க்காரு வந்து வெட்டிக் குடுத்துதுங்க? உங்க மொதலாளிய மட்டும் எதுக்குங்க தாங்கோணும்?”

“மொதலாளியத் தாங்கச் சொல்லல. இரும்பத்தான் கேக்குறோம்.”

“அவருகிட்டத்தான குடுப்பாங்க? எந்தலையில வரியப் போட்டு, அவரு ஊட்டுக்கு மாடி கட்டறதுங்களா?”

மேஸ்திரி வண்டியில் இருந்த உருளையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “உங்க உருள ஒடைஞ்சா வடக்க போயி வெல்டு வச்சுட்டு வருவீகளோ?” என்று கேட்டார். ஆறுமுகம் மாட்டைத் தட்டிக்கொண்டு போனார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆபீசர் வந்த நாள்

ஆபீசர் வரும் நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டது. பட்டறையில் ஒரே ஓர் ஊத்துக்குத்தான் பிக் இரும்பு மிச்சம் இருந்தது. மேஸ்திரி ஒரு முடிவு எடுத்தார். முந்தின நாளே ஊற்றிவிட வேண்டும். உருளைகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வரிசையாக நிறுத்திக் காட்ட வேண்டும்.

“பெரிய மனுசன் வார அன்னைக்குப் புகையும் பொறியுமா இருந்தா மரியாதையா?” என்றார்.

எங்களில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படியையா காட்டுவோம்? சமைத்ததைத்தானே எடுத்து வைப்போம்?

அந்த ஊத்து மாதிரி ஓர் ஊத்து நான் பார்த்ததில்லை. ஓர் உருப்படிகூடப் பழுது இல்லை. விடிந்ததும் அச்சை உடைத்து, நானும் ராக்கம்மாவும் கம்பி பிரஷால் தேய்த்து எண்ணெய் தடவினோம். ராக்கம்மா என்னோடு மண் மிதித்தவள். தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கப்போலாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது கழுத்தில் சிலுவை போட்டிருந்த சவரிமுத்து மேஸ்திரிதான்.

ஆபீசர் முற்பகலில் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை. முகத்தில் கடுமை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு, உலை கடைசியாக எப்போது எரிந்தது என்று கேட்டார். நேற்று என்றார் மேஸ்திரி.

“நேத்து எரிஞ்ச இடமாத் தெரியலையே. எண்ணெய் போட்டு வச்சிருக்கீங்க. ரொம்ப நாள் ஸ்டாக்கா?”

“இல்லங்கய்யா. துரு ஏறிரக் கூடாதுன்னு இவுக தொடச்சாக. உலையத் தொட்டுப் பாருங்கய்யா. சூடு இன்னும் இருக்கு.”

மேஸ்திரி தன் உள்ளங்கையைக் கப்போலாவின்மேல் வைத்துக் காட்டினார். வைத்தபடியே நின்றார். ஆபீசர் குங்குமத்தைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார்.

“கோயில் மாதிரி நல்லா வச்சிருக்கீங்க. பவுண்டரி மாதிரி இல்ல” என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். முதலாளி பின்னாலேயே ஓடினார். மேஸ்திரி கையை எடுக்கவே இல்லை.

ஓடாத பட்டறைக்கு ஒதுக்கீடு இல்லை என்று கொஞ்ச நாளில் பதில் வந்தது.

ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பவுண்டரி இருந்தது. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த இடம். அவர்களுக்கு எங்கள் கதை எட்டியிருக்க வேண்டும். ஆபீசர் அங்கே போன அன்று ராக்கம்மாவைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். வேலை என்னவென்றால், உலைக்குள் பச்சைத் தென்னை மட்டையும் பழைய டயரும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரும்புகை ஊர் முழுக்கத் தெரிந்தது. அந்தப் பட்டறைக்கு ஒதுக்கீடு கிடைத்தது. இரும்பு வந்த லாரி அங்கே இறக்காமலேயே கோயமுத்தூர் பக்கம் போனதை ராக்கம்மா ரோட்டில் நின்று பார்த்தாள்.

மூடின பிறகு

எங்கள் முதலாளி பட்டறையைப் பூட்டினார். நான் பூக்கடைக்கு மாலை கட்டப் போனேன். சவரிமுத்து மேஸ்திரிக்கு வேறு தொழில் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தார். நெருப்புக்குத் தாங்கின கை சுண்ணாம்புக்குத் தாங்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து, புண் ஆறாமல், அதிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த கரும்பு வெட்டில் ஆறுமுகத்தைப் பூட்டின கேட்டுக்கு முன்னால் பார்த்தேன். வடக்கத்தி உருளை விரிசல் விட்டிருந்தது. மாற்று உருளை ரயிலில் வரும்வரை வெட்டின கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. மேஸ்திரி இறந்ததைச் சொன்னேன். துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“நாஞ்சொன்னது சொன்னதுதானுங்க, அம்மிணி. மொதலாளிக்குக் குடுக்கப் படாது. ஆனா இந்த மனுசனுக்கு என்ன வழின்னு நான் ரோசன பண்ணலீங்க.”

நலிந்த தொழிலைச் சர்க்கார் தூக்கி நிறுத்தலாமா என்று இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். நிறுத்தலாம் என்பேன். ஆனால் தேதி சொல்லிவிட்டு வரக் கூடாது. கூட்டி மெழுகின தரையையும் பார்க்கக் கூடாது, புகையையும் பார்க்கக் கூடாது. அழுக்கானாலும் பரவாயில்லை என்று உலையில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டின அன்று என் சல்லடையை எடுக்க உள்ளே போனபோது நான் உலையில் கை வைத்துப் பார்த்தேன். குங்குமம் அப்படியே இருந்தது. உலைச் சுவர் குளிர்ந்திருந்தது.