ஜெபாவின் படத்தை அழிக்கச் சொன்னவர்கள்

பழைய ஹாஸ்டல் நண்பன் இசக்கி போன் செய்தபோது குன்றத்தூரில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். "அண்ணே, ஜெபா போயிட்டாம்ணே" என்றான். மஞ்சள் காமாலையை யாரிடமும் சொல்லாமல் ஷிப்டுக்குப் போய் முற்றவைத்திருக்கிறான். ஒரகடம் கார் பாக்டரியில் எங்களோடு ஒரே லைனில் கார் சீட் மாட்டிய ஜெபராஜ், அந்த வேலைக்கு நடுவே ஒரு முழுப் படம் எடுத்தவன், சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் பெட்டியில் போனான். அவனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். துக்கத்தைவிட அருவருப்புதான் எனக்கு அதிகமாக இருக்கிறது.

கம்பெனி ஆட்கள் தங்கியிருந்த எங்கள் ஹாஸ்டல் வாழ்க்கைதான் படம். அன்றன்று விடுமுறை கிடைத்தவர்களை வைத்து எடுத்தான். மைக் பிடித்தது நான். ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால், கதாநாயகனின் நண்பனாகப் பாதிப் படத்தில் இசக்கியும் மீதியில் வேறொருவனும் நடித்தார்கள். யூனிபார்ம் மட்டும் ஒன்று. இது என்ன கூத்து என்று கேட்டேன். "லைன்ல நேத்து நின்னவன் இன்னைக்கு இல்ல. சூப்பர்வைசர் ஏன்னு கேட்டாரா? அவரு யூனிபார்மத்தான பாக்காரு" என்றான் ஜெபா. ஹாஸ்டலில் அதைப் பார்த்த ஒருவரும் குழம்பவில்லை.

இயக்குநரே ரசிகர்களுக்கு நேரடியாகப் படம் விற்கலாம், நடுவில் யாரும் கிடையாது என்று பெருமையடித்த ஓர் இணையதளத்தில் படத்தை ஏற்றினான். கிரெடிட் கார்டு இருந்தால்தான் வாங்க முடியும். எங்கள் ஹாஸ்டலில் யாரிடம் அது இருந்தது? ஜெபா அந்தத் தளத்துக்காரர்களுக்குப் போன் போட்டு இதைச் சொன்னான். "உங்க ஹாஸ்டல் பசங்க எங்க டார்கெட் ஆடியன்ஸ் இல்ல சார்" என்றார்கள். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு முகம் இருப்பது கத்துக்குட்டித்தனம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சார் போட்டே ஒருவனை வாசலில் நிறுத்தலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் ஒரு கடையில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைக்காரர் மணிமங்கலத்துக்காரர். "இன்னாபா, உன் படத்த நீயே ஓசில குடுத்துகினு கீற?" என்றார். "பாக்க வேண்டியவன் பாக்கட்டும்ணே" என்றான் ஜெபா. கொஞ்ச நாளில், சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில்கூட ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். விஷயம் இணையதளத்துக்குத் தெரிந்தது. ஒப்பந்தத்தை மீறித் திருட்டுப் பிரதி பரப்பினான் என்று படத்தைத் தூக்கிவிட்டார்கள். "எம்படத்த நானே திருடிட்டேனாம்ணே" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்த அதே வாரம் படம் அந்தத் தளத்தில் மறுபடி ஏறியது. முகப்பில் மாலை போட்ட ஜெபாவின் போட்டோ. மாலைக்குக் கீழே 'இப்போதே வாங்குங்கள்'. அந்த இரண்டு முகமும் இப்போது 'துணிச்சலான பரிசோதனை'யாம். தூ! உயிரோடு இருந்தபோது தவறாகத் தெரிந்தது, செத்த பிறகு கலையாகிவிட்டது. பிறகு, படத்தின் டைட்டிலில் என் பேரைப் பார்த்தார்களோ என்னவோ, அவர்களிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மறைந்த இயக்குநருக்குச் செய்யும் மரியாதையாக, என்னிடம் இருக்கும் அனுமதியில்லாத பிரதிகளை அழித்துவிட வேண்டுமாம். எந்த வாயால் மரியாதை என்கிறார்கள்?

அவனிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பிரதியும், அதை எனக்கென்று பூட்டி வைக்கக் கூடாது என்ற புத்தியும்தான். முப்பதாம் நாள் ஜெபத்துக்குத் தூத்துக்குடி போனேன். அவன் அம்மா படத்தைப் பார்த்ததே இல்லை. மகன் எடுத்த படத்தைப் பார்க்கக் கார்டு வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என் போனில் போட்டுக் காட்டினேன். ஓரிடத்தில் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஜெபாவின் குரல் வரும்: "ஏல, சிரிக்காதல!" அந்த அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டார். வெகுநேரம் தரவில்லை.

"எல்லாருக்கும் போட்டுக் குடுய்யா. எம்புள்ள பேசுதத கேக்கட்டும்" என்றார்.

ஜெபத்துக்கு வந்த ஒவ்வொருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். அழிக்கச் சொன்னவர்களுக்கு வேறு பதில் எழுதவில்லை.