உப்பு மூட்டைகள்

எங்கள் சாயப்பட்டறையின் பின்பக்க ஷெட்டில் உப்பு மூட்டைகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையில்தான் பட்டறைக்கு அனுமதி. நீரை இயந்திரங்களில் சுத்தம் செய்து திரும்பவும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறோம். மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்தால் இந்த அழுக்கு உப்பு தங்கும். எதற்கும் ஆகாது, எங்கும் கொட்டவும் கூடாது.

ஆற்றோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அக்கா, மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். கூரை ஒழுகி மூட்டைகள் மழையில் நனைகின்றன என்று அன்று காலையில்தான் அதிகாரி ஒருவர் என்னைக் கடிந்துவிட்டுப் போயிருந்தார். அந்த எரிச்சலில் அவளை ஷெட்டுக்கே கூட்டிப் போனேன்.

"பாருங்கக்கா, எங்களை என்ன பாடு படுத்தறாங்கன்னு. லாரி நிறுத்தக்கூட எடமில்லீங்க."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "இத்தனையும் எத்தன வருசத்துது கண்ணு?"

"இந்த வருசத்துது மட்டுந்தானுங்கக்கா. பழசெல்லாம் அடுத்த ஷெட்டுல கெடக்குது."

"இந்த மெசினு போடறதுக்கு முன்னால என்ன பண்ணுனீங்க?"

"அப்பெல்லாம் தொந்தரவே இல்லீங்க. தண்ணியோட ஆத்துல போயிரும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மழை இல்லாததால்தான் தோப்புக் கிணறு கரிக்கிறது என்று அவளிடம் அந்தக் காலத்தில் சொன்னவன் நான்.

அக்கா கோபப்படவில்லை. ஒரு மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஊர்ல உன்னையப் பேசுனவங்ககிட்டயெல்லாம், மழையில்லாததுதான்னு சண்டை கட்டீட்டு இருந்தனே கண்ணு."