முப்பத்தாறு குழாய் ரத்தம்

மதிவதனியின் பெயர் செய்தித்தாளில் ஒரே ஒரு முறை வந்திருக்கிறது. அப்பாவைக் கொன்ற காசநோயைப் பழிவாங்கப் புறப்பட்ட மகள் என்று எழுதியிருந்தார்கள். படித்த அன்றே நிருபரைப் போனில் பிடித்துக் கால்மணி நேரம் திட்டினாள். அவள் அப்பா கருப்பன் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை அடுக்கியவர் என்பது உண்மை. இரண்டு முறை காசநோய் வந்து இரண்டாவது முறை போய்ச் சேர்ந்தார் என்பதும் உண்மை. ஆனால் இவள் வைட்டமின் டி பக்கம் வந்தது அதற்காக அல்ல. புதுச்சேரி ஆய்வுக்கூடத்தில் அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்தது. ஒரு மனுஷியின் பதினைந்து வருஷ உழைப்பை ஒரு சாவுக்குள் அடக்கிவிடுவதில் இருக்கிற சோம்பேறித்தனம்தான் அவளை எரிச்சல்படுத்தியது.

அவள் ஆராய்ந்த பொருள் மிகச் சிறியது. செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புரதம். வைட்டமின் டி வந்து பொருந்தும்வரை பெரும்பாலும் அது சும்மா இருக்கும். பொருந்தியதும் உருவம் கொஞ்சம் மாறி, இன்னொரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, மரபணுக்களில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்காரும். வெள்ளணுக்களில் அப்படி உட்கார்ந்தால், கிருமியைக் கொல்லும் பொருள் ஒன்றைச் சுரக்கச் செய்யும் மரபணு விழித்துக்கொள்ளும். இவ்வளவும் பலருக்கும் தெரிந்த விஷயம். பல வருஷமாக வெயிலே படாத உடம்பில், திடீரென்று வைட்டமின் கொடுத்தால் அந்தப் புரதம் பழைய வேகத்தில் வேலை செய்யுமா? இதுதான் அவள் கேள்வி. இதற்கு உயிரோடு இருக்கும் வெள்ளணுக்கள் வேண்டும்.

விருத்தாசலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயில் படாதவர்களுக்கும் பஞ்சமில்லை. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றும் பெண்கள் காலை எட்டு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் போனால் ஆறு மணிக்கு மேல்தான் வெளியே வருவார்கள். வரும்போது முகத்தில் வெள்ளை மண்ணைத் தவிர வேறு எதுவும் பட்டிருக்காது. அப்படி முப்பத்தாறு பேரிடம் ரத்தம் எடுக்க அனுமதி கேட்டு எட்டு மாதம் நடந்தாள். கம்பெனி மேனேஜர் விருத்தகிரி கடைசியில் ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று ஒத்துக்கொண்டார். அவளுடைய ஆய்வுத் திட்டம் மார்ச் கடைசியில் முடிகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அந்த நாள் வந்தது.

பன்னிரண்டு பக்கச் சம்மதப் படிவத்தை மதிவதனி நின்றபடியே நான்கு நிமிஷத்தில் வாசித்தாள். விருத்தகிரி கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள், வரிசையாகக் கையை நீட்டினார்கள். ஒரு மணிக்கு முப்பத்தாறு குழாய்களும் தாங்கியில் நின்றன. புதுச்சேரியிலிருந்து வர வேண்டிய வண்டி பண்ருட்டி தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. வாடகைக்கு ஒரு கார் பிடிக்க அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். போகும்போது மண் கரைக்கும் மாயவனிடம் தாங்கியைக் காட்டிவிட்டுப் போனாள்.

“அண்ணே, யாரும் தொடாம பாத்துக்கங்க. கெட்டுப் போயிடக் கூடாது.”

“நீ போய்ட்டு வாம்மா. நான் இருக்கன்.”

மாயவன் இருபத்தாறு வருஷமாக அந்தத் தொட்டியருகில் நிற்பவர். அச்சில் ஊற்றும் மண் கரைசலைக் கொஞ்ச நேரம் கலக்காமல் விட்டால் மண் அடியில் இறங்கி மேலே தண்ணீர் நிற்கும். அதை ஊற்றினால் பொம்மை சூளைக்குள் வெடிக்கும். படியவிடாமல் பார்ப்பதுதான் அவருடைய வேலை, தூக்கத்தில்கூட அவர் கை அதைச் செய்யும் என்று அவர் மனைவி சொல்வாள். மதிவதனி போன இருபதாவது நிமிஷத்தில் ரத்தம் கீழே இறங்க ஆரம்பித்தது. மேலே மஞ்சளாய் ஒரு தண்ணீர் தெளிந்து நின்றது. மாயவன் தாங்கியை எடுத்து, நன்றாக, கை வலிக்கும்வரை குலுக்கினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை குலுக்கினார். யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

அவள் காரோடு திரும்பி வந்தபோது ஒவ்வொரு குழாயிலும் நுரை நின்றது. ஒரு குழாயை எடுத்து மேசையில் வைத்துக் காத்திருந்தாள். சிவப்பு மெல்ல இறங்கியது. மேலே மஞ்சள் நிற்கவில்லை, மேலேயும் சிவப்புத்தான். அணுக்கள் உடைந்துவிட்டன.

“என்னண்ணே பண்ணீங்க?”

“கீழ எறங்கிப் போச்சும்மா. வுட்டா கெட்டிப்பட்டுப் பூடும்னு கலக்கிக்கினே இருந்தேன். ஒண்ணுகூட படியல பாரு.”

“அறிவு இருக்குதா உங்களுக்கு? எட்டு மாசம். தொடாதீங்கன்னுதானே சொன்னேன். மண்ணைக் கலக்கிக் கலக்கி மண்டையிலயும் மண்ணுதான் இருக்குது.”

மாயவன் தன் கையைப் பார்த்தார். அச்சைத் துடைத்துக்கொண்டிருந்த கமலம் எழுந்து வந்தாள்.

“ஏம்மா, நிறுத்து. இருக்குற அறிவுக்குத் தகுந்தாப்புலதான் அவரு பாத்துக்கினாரு. கலக்கக் கூடாதுன்னு சொன்னியா?”

“அதையெல்லாம் சொல்லணுமாக்கா?”

“எங்களுக்கு என்னாதான் சொன்ன நீ? பேப்பர படிச்ச. பஸ்ஸுல டிக்கெட்டு குடுக்கறவன்கூட அவ்ளோ வேகமா பேச மாட்டான். மேனேஜரு கதவாண்ட நிக்கறாரு. கையெழுத்துப் போடாம என்னா பண்றது?”

விருத்தகிரி தொண்டையைச் செருமினார். “மேடம், கொடுத்த டைம் முடிஞ்சுது. இன்னொரு நாள்லாம் முடியாது. ஆர்டர் கெடக்குது.”

திரும்பும் வழியில் அவளுக்கு யார்மேல் கோபம் என்பது மாறிக்கொண்டே வந்தது. முதலில் மாயவன், பிறகு வண்டி ஓட்டுநர், விருத்தகிரி. நெய்வேலி தாண்டும்போது வேறு யாரும் மிச்சம் இல்லை. ஒரு மனிதரிடம் ஒரு பொருளை ஒப்படைத்து, அது என்ன என்று சொல்லாமல் போயிருக்கிறாள். பயந்து நீட்டிய கையைச் சம்மதம் என்று கோப்பில் வைத்திருக்கிறாள். குலுக்காமல் விட்டிருந்தால் அந்த ரத்தத்தை வைத்துக் கட்டுரை எழுதியிருப்பாள், பாராட்டும் வந்திருக்கும். அந்த நினைப்புத்தான் அதிகமாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமலத்தின் தெருவுக்கு வந்தாள். முதலில் மாயவனிடம் மன்னிப்புக் கேட்டாள். “வுடும்மா, பெரிய கம்பெனி ஓனருங்க இதைவிட மோசமா பேசியிருக்காங்க” என்றார். அது மன்னித்ததாக அவளுக்குப் படவில்லை. பத்தொன்பது பெண்கள் கூடியிருந்தார்கள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள். அந்தப் புரதம் ஒரு அச்சு மாதிரி, வைட்டமின் அதில் ஊற்றுகிற மண் மாதிரி என்றாள்.

“ஊத்துனா அச்சு மாறுமா?” என்று கேட்டார் மாயவன்.

“இது கொஞ்சம் மாறும்ணே.”

“மாறுச்சுன்னா அது அச்சே இல்லியே.”

அவர் சொன்னது சரி. உவமையை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளபடி சொன்னாள். கமலம் கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.

“எடுத்துக்க. ஆனா எனக்கு எவ்ளோ இருக்குதுன்னு நம்பரு வேணும்.”

மதிவதனி பையைத் திறக்கவில்லை. படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில், முடிவுகள் தனிநபருக்குத் தெரிவிக்கப்பட மாட்டா என்று இருந்தது. அந்த வரியை எழுதியது அவளே. மாற்றினால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆறு வாரமாவது ஆகும். திட்டம் ஐந்து வாரத்தில் முடிகிறது. ஊசியும் குழாயும் பையில் இருந்தன, கை எதிரில் நீண்டிருந்தது.

“இப்ப வேணாங்க்கா. நம்பர் தர மாட்டேன்னு இதுல எழுதியிருக்கு. மாத்திக்கினு வரேன்.”

“நல்லாருக்குதே கூத்து. வேணாங்கறப்ப புடுங்கன, இப்ப குடுக்கறேங்கறேன், வேணாங்கற.” கமலம் கையை இழுத்துக்கொண்டாள். “எனக்கு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் லீவு. போ.”

குழு மாற்றத்தை ஒப்புக்கொள்ள எட்டு வாரம் எடுத்துக்கொண்டது. அதற்குள் திட்டம் மூடப்பட்டது. உயிருள்ள செல்களை வைத்துச் செய்யும் வேலைக்கு இனி வழியில்லை. “பத்தொன்பது பேர் வந்திருந்தும் எடுக்காம வந்துட்டியா?” என்று கேட்டார் ஆய்வுத் தலைவர். அந்தப் புரதம் பழைய வேகத்தில் வேலை செய்யுமா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. வேறு யாராவது, வேறு ஊரில் கண்டுபிடிக்கக்கூடும்.

மிச்சமிருந்த பரிசோதனைக் கிட்டில் ரத்தத்தின் வைட்டமின் அளவு மட்டும் பார்க்கலாம். மே மாதம் தன் லீவில் வந்தாள். பதினேழு பேர் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஆளுக்கொரு சீட்டு எடுத்து வந்தாள்.

“ஒம்போதா?” என்றாள் கமலம். “எத்தினிக்கு?”

“இருபதாவது இருக்கணும்க்கா. ஆஸ்பத்திரியில இதைக் காட்டுங்க, மருந்து தருவாங்க. கூடவே மத்தியான வெயில் கொஞ்சம் படணும்.”

“கறுத்துப் போயிட மாட்டமா?” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

“இனிமே கறுக்கறதுக்கு என்னாடி பாக்கி?” என்றாள் கமலம்.

“இது ஏறுனா காசநோய் வராதா?” என்று கமலமே மறுபடி கேட்டாள்.

“தெரியலக்கா. அதைத்தான் பாக்க வந்தேன். பாக்க முடியல. எலும்புக்கு நல்லது, அது மட்டும் நிச்சயம்.”

கமலம் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் விருத்தகிரியிடமிருந்து போன் வந்தது.

“மேடம், என்ன சொல்லிட்டுப் போனீங்க? பதினேழு பேரும் சோத்தத் தூக்கிக்கினு வெளிய போய் நடு வெயில்ல ஒக்காந்துட்டாங்க. லாரி நிக்கக்கூட எடமில்ல. கேட்டா நம்பர காட்டறாங்க. உள்ள வரச் சொல்லுங்க.”

“சாப்பாட்டு நேரம் எவ்வளவு சார்?”

“அரை மணி.”

“அப்ப அரை மணி அங்கதான் இருப்பாங்க” என்றாள் மதிவதனி. “லாரியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க.”