கார் ஆடுவதைச் சொல்லாமல் விட்டேன்

வேகம் அறுபதைத் தாண்டினாலே எங்கள் காரின் ஸ்டியரிங் கையில் நடுங்கும். பல்லடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்து கொடுத்தார். ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் போகவில்லை.

"இப்ப எப்படிங்க மாப்ள?" என்று கேட்டார். காலையிலிருந்து சாப்பிடாமல் வேலை பார்த்தவரிடம் எப்படிச் சொல்வது?

"நல்லாருக்குதுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் காரமடைக் கோயிலுக்குப் போகும்போது, ஒரு வேகத்தடையில் இறங்கியதும் முன்சக்கரம் மடங்கிக்கொண்டது. மெதுவாகப் போனதால் நானும் மனைவியும் பிழைத்தோம். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட் தேய்ந்து கழன்றிருந்தது.

"ஆடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அடியில கழட்டிப் பாத்திருப்பனுங்களே" என்றார் மச்சான்.

புதிது மாட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அறுபதில் லேசாக நடுங்கியது. இறங்கியதும் என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க மச்சான்" என்றேன்.

கார் ஆடினால் மெக்கானிக்கிடம் ஒளிக்காதீர்கள் என்று உங்களுக்கு எழுத முடிகிறது. அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. இப்போது நான் நாற்பதைத் தாண்டுவதில்லை. மனைவி பஸ்ஸில் வருகிறாள்.