மாடத்துக்குள் கிழித்த தீக்குச்சி

நான் கணக்கு டீச்சர். இரண்டும் இரண்டும் நாலு என்று முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள். எனக்குக் கதை கட்ட வராது. நடந்த நாள் 1958 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. ஊர் புகாரா, யூதர் தெரு, எங்கள் வீடு. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன், அதனால் மணி நிமிஷத்தோடு சொல்வேன். சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகப் படுங்கள். எனக்கொன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. என் ஓரகத்தி புலோர் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை.

அவள் அழகைப் பார்த்தா? சே! சமையலைப் பார்த்தா? அவள் பிலாவு வைத்தால் அரிசி களியாகிவிடும். எனக்குப் பொறுக்காதது வேறு. அவள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டும். பிறகு யாரோடோ பேசிவிட்டு வந்தவள் மாதிரி தெளிவாக எழுந்து போவாள்.

எனக்கு அது இல்லை. 1938-இல் என் அப்பாவைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்த குற்றம். எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு வருஷம் முழுக்கக் கடவுளைக் கூப்பிட்டேன். பதிலும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

புலோரின் அப்பாவையும்தான் சமர்கந்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும்தான் வரவில்லை. ஆனால் அவளுக்கு மட்டும் இன்னும் பேச ஆள் இருக்கிறது! அது எப்படி? எனக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தினார்கள்? இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் உள்ளறைச் சுவரில் ஒரு மாடம். அதற்கு மரக் கதவு. உள்ளே இரண்டு திரி போட்ட பித்தளை விளக்கு. அமீர் என்ற முஸ்லிம் ராஜா ஆண்ட காலத்தில் எங்கள் குடும்பத்தைக் கத்தியைக் காட்டி மதம் மாற்றினார்கள். தெருவில் அவர்கள் தொழுகை, உள்ளறையில் எங்கள் ஓய்வுநாள் விளக்கு. வெள்ளிக்கிழமை சூரியன் விழுமுன் மாடத்துக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டும். விடியும்வரை திறக்கக்கூடாது. வெளிச்சம் தெரிந்தால் தலை போய்விடும். பிறகு அமீர் போனார், கம்யூனிஸ்ட் கட்சி வந்தது. மாடத்துக் கதவு மட்டும் சாத்தியபடியேதான் இருந்தது.

மூத்த மருமகள் நான். ஆனால் என் மாமியார் இஸ்தாம் சாகப் போகும்போது விளக்கை யாரிடம் கொடுத்தாள் தெரியுமா? புலோரிடம்.

"ஏம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேவிட்டேன்.

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னு இல்ல, ஸெவோ. அது போகும், வரும். உனக்குப் பொறாமை இருக்கு. இந்த விளக்குக்கு அது ஆகாது."

"யார் சொன்னா?"

"என் மாமியார் சொன்னா. சாகும்போது அழுது அழுது சொன்னா."

அந்த மாமியாருக்கும் ஓர் ஓரகத்தி இருந்தாளாம். இளையவள், பேர் மஃப்ராத். விளக்கு அவள் கையில்தான் இருந்ததாம். ஒரு வெள்ளிக்கிழமை புருஷனையும் கைக்குழந்தையையும் போட்டுவிட்டு எருசலேமுக்கு ஓடிப்போய்விட்டாளாம். எங்கள் வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கமாட்டார்கள்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

புலோருக்கு வியாழன் ராத்திரியே பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹிஸ்கியோ சலூனில் இருந்தார், எட்டு மணிக்குத்தான் வருவார். என் பிள்ளைகள் என் அம்மா வீட்டில். நான் மட்டும் வீட்டில் தனியாக. மாலை மூன்றரை மணிக்குக் கொழுந்தன் நிசோன், புலோரின் புருஷன், வந்தான்.

"அண்ணி, இன்னிக்கு விளக்கை நீங்க ஏத்தணுமாம். புலோர் சொல்லியனுப்பினா. அஞ்சு மணி அஞ்சு நிமிஷம். தள்ளிடக் கூடாதாம்."

"ஒரு வாரம் ஏத்தாட்டி குடி முழுகிடுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "பிள்ளை பெறுற நேரத்துல விளக்கு தவறினா... உங்களுக்குத் தெரியாததா அண்ணி?"

தெரியும். எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்கில் தவறியவள் பிரசவத்தில் போய்விடுவாள் என்று சின்ன வயதிலேயே சொல்லிப் பயமுறுத்தி வைத்திருப்பார்கள்.

"என் விளக்கை அக்கா பார்த்துக்குவாங்கன்னு சொன்னா," என்றான்.

என் விளக்கு! கேட்டீர்களா? மூத்தவளுக்கு இவள் ஒரு நாள் இரவல் கொடுக்கிறாளாம்! எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை எடுத்து, அவன் பார்க்க, அதன் மேல் பென்சிலால் 5.05 என்று எழுதினேன். "மறக்கமாட்டேன் போ," என்றேன். அவன் போனான்.

மாடத்தைத் திறந்து பருத்திக்கொட்டை எண்ணெய் ஊற்றினேன். திரி போட்டேன். கதவைச் சாத்தினேன். தீப்பெட்டியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பரீட்சை நோட்டுகளோடு மாடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

ஏற்றப் போவதில்லை. அப்படித்தான் முடிவு செய்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது, சத்தியமாக அதை நான் நினைக்கவில்லை. அவள் பிள்ளையோடு நல்லபடியாக வருவாள். அப்போது சொல்வேன், விளக்கே இல்லாமல் பெற்றாய் பாரடி, அங்கே யாரும் இல்லை, நீ இத்தனை நாளும் சுவரோடு பேசியிருக்கிறாய் என்று. அந்த நிமிஷம் அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். அவளிடம் இருப்பதைப் பிடுங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

5.05. கடிகாரத்தைப் பார்த்தேன். நோட்டைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

சர்க்...

தீக்குச்சி கிழிக்கும் சத்தம். மிக அருகில்.

தலையைத் தூக்கினேன். அறையில் நான் மட்டும்தான். மேலங்கிப் பையைத் தொட்டேன்.

தீப்பெட்டி இல்லை.

நாற்காலிக்கு அடியில், கம்பளத்தின் மேல், நோட்டுகளுக்கு இடையில், எங்கும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

5.11. எண்ணெய் எரியும் வாசனை வந்தது. மாடத்துக் கதவின் அடியில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு... வெளிச்சம்.

போய்த் திறந்தேன். இருட்டு. விளக்கு எரியவில்லை.

சாத்தினேன். கோடு தெரிந்தது.

திறந்தேன். இருட்டு.

மூன்று தடவை பார்த்துவிட்டேன். கதவை அப்படியே சாத்திவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வந்து நாற்காலியில் விழுந்தேன்.

5.25. ஜன்னலில் சூரியன் போய்விட்டது. இனி நெருப்பைத் தொடக்கூடாது. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் விளக்கு ஏற்றுவது பாவம்.

5.31.

டக்... டக்... டக்...

வெளிக்கதவு இல்லை. மாடத்துக்குள்ளிருந்து.

"அக்கா..."

பெண் குரல். தொண்டை முழுக்க மண் அடைத்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

"அக்கா... திற."

ஓடிப்போய்க் கதவை விரியத் திறந்தேன். உள்ளே விளக்கு மட்டும்தான். கும்மிருட்டு.

"திறந்துட்டேன்!" என்று கத்தினேன். "திறந்துதானே இருக்கு!"

"அக்கா... திற..."

விளக்குக்குப் பின்னாலிருந்து வந்தது.

டக்... டக்...

5.40. வெளிக்கதவை யாரோ படபடவென்று இடித்தார்கள். நான் அலறியே விட்டேன். நிசோன்தான். ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கிளம்பி ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது.

"ரத்தம் நிக்கல அண்ணி... டாக்டர் உதட்டைப் பிதுக்கறார்... அண்ணி, ஏத்தினீங்களா?"

"ஏத்திட்டேன்."

"அஞ்சு அஞ்சுக்கு?"

"அஞ்சு அஞ்சுக்கு."

அவன் முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப பொழைச்சுக்குவா," என்றான். வந்த வழியே திரும்பி ஓடினான்.

நான் அங்கேயே நின்றேன். அடிப் பாவி... என்ன செய்துவிட்டாய்...

சமோவாரில் கனல் இருந்தது. இடுக்கியால் ஒரு கங்கை எடுத்துக்கொண்டு மாடத்துக்கு ஓடினேன். பாவமாவது புண்ணியமாவது!

திரி கருகியிருந்தது. நான் புதிதாகப் போட்ட திரி. எண்ணெய் பாதிதான் இருந்தது.

விளக்கைப் பிடித்தேன். சுரீரென்று விரல் சுட்டது.

கங்கை வைத்து ஏற்றினேன். அப்பா சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் தானாக வாயில் வந்தன. இருபது வருஷத்துக்குப் பிறகு...

"அவ பொழைக்கட்டும். விளக்கு அவளோடதுதான். எனக்கு வேண்டாம்."

பதில் வரவில்லை. எனக்கு எப்போது வந்தது?

தட்டும் சத்தம் மட்டும் நின்றது.

மணி 5.52.

புலோர் பிழைத்தாள். பெண் குழந்தை. ராத்திரி ஒன்பது மணிக்கு நிசோன் வந்து சொன்னான். அவன் முதல் தடவை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய சில நிமிஷங்களிலேயே ரத்தம் நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்னாளாம். ஐந்து மணியிலிருந்து ஐந்து பத்துக்குள். ஆக, நான் ஏற்றுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். பிரசவ ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடமாட்டார்கள். கீழே முற்றத்தில் நின்று கத்த வேண்டும். புலோர் இரண்டாவது மாடி ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள்.

"அக்கா! நல்லாயிருக்கீங்களா?"

"என்னை விடு. நீ எப்படியிருக்கே?"

"நீங்க ஏத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுது அக்கா! கண்ணை மூடினேன். உங்க கைதான் தெரிஞ்சுது. தீக்குச்சி கிழிக்கிற கை." அவள் சிரித்தாள். "அந்த வெள்ளிக் காப்பு எப்ப வாங்கினீங்க? எங்கிட்ட காட்டவே இல்லையே!"

என்னிடம் காப்பே கிடையாது. இருந்ததும் போன யுத்தத்திலேயே ரொட்டிக்காக விற்றாகிவிட்டது. வெறுங்கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பழசுடி," என்று கத்தினேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். ஏதோ பயம், ஏதோ பிரமை என்று எனக்கு நானே கணக்கு முடித்திருப்பேன்.

1964 கோடையில் உள்ளறைச் சுவரில் உப்புப் பூத்து, செங்கல் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. புகாரா வீடுகளுக்கு வருகிற வியாதிதான். கொத்தனாரைக் கூப்பிட்டோம். காலை பத்தேகால் மணிக்கு மாடத்தின் பின்சுவரை இடித்தார். நான், ஹிஸ்கியோ, நிசோன், புலோர் எல்லோரும் அங்கேயே நின்றோம்.

பின்னால் ஒரு இடைவெளி இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம், படுக்க முடியாது. அமீரின் ஆட்கள் தேடி வந்தால் ஒளிந்துகொள்ள யாரோ கட்டி வைத்த இடம்.

உட்கார்ந்துதான் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. எலும்புதான். மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு.

கொத்தனார் செங்கல்லைத் தடவிப் பார்த்தார். "இது வெளியிலேர்ந்து பூசினது," என்றார். "இந்த அறைப் பக்கத்துலேர்ந்து. எழுபது வருஷம் இருக்கும். ஊசி போக வழியில்ல."

மஃப்ராத் எருசலேமுக்குப் போகவில்லை. ஒளிந்துகொள்ள உள்ளே போனவளுக்கு மறுபடி திறக்க வேண்டியவள் அவளுடைய மூத்த ஓரகத்தி, சாகும்போது அழுது அழுது சொன்ன அந்த மாமியார். அவள் திறக்கவில்லை. செங்கல் வைத்துப் பூசிவிட்டு, ஓடிப்போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, சாகும்வரை அதே மாடத்தில் அந்த விளக்கை ஏற்றியிருக்கிறாள்.

புலோர் கண்ணை மூடினாள். வழக்கம்போல அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

எனக்கு வரவில்லை. நான் அந்த எலும்பு மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பார்ப்பதற்குள் கையை விட்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தீப்பெட்டி. மேலே பென்சிலில் 5.05. என் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு குச்சி எரிந்திருந்தது.

இன்றைக்கு வரை புலோரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கு ஏத்தலேன்னா நான் ஏது அக்கா," என்பாள். நான் தலையாட்டுவேன். சூரியன் விழுந்த பிறகு நான் ஏற்றியது எந்தக் கணக்கிலும் வராது.

மஃப்ராத் தட்டித் தட்டி அக்கா என்று கூப்பிட்டது என்னை. குச்சி கிழித்து ஏற்றியது புலோருக்காக. இதை நினைத்தால் எனக்கு இப்போது பயமே வருவதில்லை. வயிறுதான் எரிகிறது.