கௌராமிக்கு ஊற்றிய தண்ணீர்

ஒரு நல்ல மனிதர் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். அவர் எனக்காகப் பரிந்து பேசினார். அதை, அவர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக என் மாமாவிடம் தமிழில் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன்.

அந்த வருஷம் மெட்ராஸில் அத்தை இறந்துபோனாள். அம்மாவின் அண்ணன் மனைவி. போர்ட் பிளேரிலிருந்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடும்படி அம்மா அழுது கேட்டாள். மாமா பல நாள் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வரேன். மீனை என்ன பண்றது?"

கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒரு கௌராமி இருந்தது. விரல் நீளத்தில் அத்தை வாங்கியது, நான் பார்த்தபோது என் கை நீளம் இருந்தது. தடித்த உதடும் சலித்துப்போன கிழவர் முகமுமாக, தொட்டிக்குள்ளேயே திரும்பித் திரும்பி நீந்தும். அந்த வீட்டில் சோறு அத்தையின் வேலை, தண்ணீர் மாமாவின் வேலை. அத்தை சோற்றை உருட்டி நீட்டினால் மேலே வந்து விரலோடு சேர்த்துக் கவ்வும். மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் ரப்பர் குழாயால் அடித்தண்ணீரையும் கசடையும் உறிஞ்சி எடுத்து, எடுத்த அளவுக்கே கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றுவார். ஒரு நாளும் முழுத் தண்ணீரையும் மாற்றியதில்லை. "சட்டுனு மாத்தினா தாங்காதுடா மாப்ள. மனுசன் மாதிரிதான் அதுவும்" என்பார்.

கண்ணாடித் தொட்டி சரக்கோடு போயிற்று. கௌராமி எங்களோடு, கப்பலின் அடித்தட்டில் வரிசையாகப் படுக்கைகள் போட்ட பங்க் கிளாஸில் வந்தது, வாயில் வலை கட்டிய அகன்ற அலுமினிய அண்டாவில். கப்பலேறுவதற்கு முன்பிருந்தே மாமா அதற்குத் தீனியை நிறுத்திவிட்டார். என்னையும் கூப்பிட்டு எச்சரித்தார்.

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு பருக்கை போடக் கூடாது. தின்னா கழியும், கழிஞ்சா தண்ணி கெடும். பட்டினியில அது சாகாது. தண்ணி கெட்டா செத்துடும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன்.

மாமா இரண்டு தகர டின்னில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். ஒன்று கப்பலில் ஏற்றும்போதே அடிபட்டு ஒழுகி, மெட்ராஸ் கண்ணுக்கு மறையும் முன்பே காலியாகிவிட்டது. கப்பல் குழாயில் வந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நாற்றம். மாமா அதை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த படுக்கையில் ஒரு வங்காளி இருந்தார். போர்ட் பிளேரிலிருந்து இன்னொரு கப்பல் பிடித்துப் போக வேண்டிய ஹட் பே தீவுக்காரர். எங்கள் தீவில் வங்காளிகளை தாதா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஈரச்சாக்கில் சுற்றிய ஒட்டு மாங்கன்றுகளும், அவற்றுக்குத் தெளிக்க ஒரு டின் கிணற்றுத் தண்ணீரும் அவரிடம் இருந்தன.

"க்யா ஹுவா, பேட்டா?" என்ன ஆச்சு மகனே என்று என்னைக் கேட்டார்.

மாமாவுக்கு ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. தாதாவுக்குத் தமிழ் தெரியாது. தீவில் பிறந்தவன் என்பதால் எனக்கு இரண்டும் வரும். அம்மாவுக்கும் பஜார் ஹிந்தி வரும், ஆனால் அவள் கப்பல் கிளம்பியதுமே வாந்தி எடுத்து, பெண்கள் பக்கத்துப் படுக்கையில் சுருண்டுவிட்டாள். ஆக, இரண்டு பெரிய மனிதர்களுக்கு நான்தான் வாய். அந்தப் பெருமையை என்னால் இன்னமும் மறக்க முடியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் தாதா தன் டின்னைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார். "லே லோ. செடி பொறுத்துக்கும், மீன் பொறுக்காது." மாமா கைகூப்பினார். நான் அதையும் மொழிபெயர்த்தேன், அவசியமே இல்லாமல். மிச்சமிருந்த எங்கள் டின்னோடு அதையும் சேர்த்து, மாமா அன்று சாயங்காலமே அண்டாத் தண்ணீரில் கொஞ்சம் மாற்றினார்.

இரண்டாம் நாள் கடல் ஆட ஆரம்பித்தது. மாமாவும் விழுந்துவிட்டார். "மாப்ள, அண்டாவைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். என் நிழல் விழுந்ததும் கௌராமி மேலே வந்து வாயைத் திறந்தது. என் தட்டில் சோறு மிச்சம் இருந்தது. ஓர் உருண்டையை வலைக்குள் நீட்டினேன். அத்தையின் விரலைக் கவ்வுவது போலவே என் விரலையும் கவ்வியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சற்று நேரம் கழித்து மறுபடி மேலே வந்தது. மறுபடி போட்டேன். மாலைக்குள் அது மேலேயே நிற்கத் தொடங்கியது. வாயைத் திறந்து திறந்து மூடியது. எவ்வளவு பசி பாவம் என்று பூரியையும் பிய்த்துப் போட்டேன். கெட்ட தண்ணீரில் தவிக்கும் வாய்க்கும் பசித்த வாய்க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தாதா படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா போட்ட கட்டளை அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லையே.

"யாருடைய மீன்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"அத்தையோடது."

"அத்தை எங்கே?"

"மர் கயி" என்றேன், செத்துப்போனாள் என்பதை ஏதோ கடைக்குப் போயிருக்கிறாள் என்பது போல.

தாதா எழுந்து உட்கார்ந்து, கன்றுகளைச் சுற்றிய சாக்கை இறுக்கினார். பிறகு, "மேரி பி" என்றார். என்னவளும்தான். வேலூருக்கு இருவராகப் போனவர்கள்.

மாமா தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்தபின் நான் இதை அவரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்ல வேண்டிய செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மீன் பக்கவாட்டில் மிதந்தது. தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டியிருந்தது. மாமா முழங்கைவரை உள்ளே விட்டு அதை நிமிர்த்திப் பிடித்தார். விட்டதும் மீண்டும் சாய்ந்தது. பல முறை நிமிர்த்தினார். பிறகு மெதுவாகத் திரும்பி தாதாவின் டின்னைப் பார்த்தார்.

"கேளுடா அந்த ஆள. டின்னுல முன்னாடி என்ன வச்சிருந்தான்னு கேளு."

கேட்டேன். தாதா பதறி எழுந்தார். "ராம் ராம்! நான் குடிக்கிற தண்ணி, பாபு. எதுவும் இல்ல அதுல." அண்டாவுக்குள் பார்த்தார். மீனையும் டின்னையும் மட்டுமே பார்த்த மாமாவின் கண்ணில் படாமல், அடியில் பருக்கைகள் வெளுத்துக் கிடந்தன. என் தோளில் கைவைத்து, மாமாவைப் பார்த்து ஹிந்தியில் சொன்னார்: "பையன் சோறு போட்டான். அதனால இருக்கும். பிரியமாத்தான் போட்டான், குழந்தை. அடிக்காதீங்க."

"என்னடா சொல்றான்?"

தாதாவின் கை என் தோளில் இருந்தது. நான் சொன்னேன்: "செடிக்கு அடிக்கிற மருந்து வச்சிருந்த டின்னாம் மாமா. கழுவிட்டுத்தான் தண்ணி புடிச்சாராம். மன்னிச்சுக்கச் சொல்றாரு."

அமைதியான மனிதர் என் மாமா. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பங்க் கிளாஸ் முழுவதும் கூடிவிட்டது. "விஷத்தைக் குடுத்துட்டு மன்னிப்பா? பாவி! பாவி!" தாதா என்னைப் பார்த்தார். "க்யா போல் ரஹே ஹைன்?" என்ன சொல்கிறார் என்று கேட்டார். மாமாவுக்கு ரொம்ப வருத்தம் என்றேன். அவர் நம்பி, ஆறுதலாக மாமாவின் கையைப் பிடிக்கப் போனார். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டு அவர் காலடியில் துப்பினார்.

தாதா மறுபடி என்னைப் பார்த்தார். இம்முறை எதுவும் கேட்கவில்லை. கன்றுகளைச் சுமந்துகொண்டு கப்பலின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

செத்துப்போன மீனை மாமா கடலில் விட்டார். நல்ல தண்ணீர் மீன்.

பிறகு பல வருஷங்கள் மாமா எங்களோடு இருந்தார். ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து, எல்லோரையும் போல ஹிந்தி கற்றுக்கொண்டார். மீன் வளர்க்கவில்லை. அந்தக் கண்ணாடித் தொட்டியில் அம்மா வெங்காயம் போட்டுவைத்தாள்.

நான் படித்து, பள்ளி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த வருஷம், தாங்க முடியாமல் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், ஒருவேளை விரும்பினேன். அவர் துவைத்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார்.

"அந்த ஆளு எந்த ஊரு?"

"ஹட் பே."

மறுநாள் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு? எனக்கே இப்ப ஹிந்தி வருதே."

கடல் சரியில்லாமல் கப்பல் தாமதப்பட்டு, வெகுநாள் கழித்துத் திரும்பினார். கப்பல்துறையில் பையை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன். ஒட்டு மாமரம் வச்ச தாதான்னு விசாரிச்சேன், காட்டினாங்க."

"என்ன சொன்னாரு?"

"அவரு சம்சாரத்தப் பத்திச் சொன்னாரு. நான் உங்க அத்தையப் பத்திச் சொன்னேன்."

"என்னைப் பத்தி?"

மாமா யோசித்துப் பார்த்தார். "அதுக்கு நேரம் வரலடா."

அதற்குப் பிறகு கப்பலும் உடம்பும் இடம் கொடுத்தபோதெல்லாம் அவர் ஹட் பே போனார். ஒவ்வொரு முறையும் நான் கப்பல்துறைவரை பையைத் தூக்கிக்கொண்டு போவேன். அந்த மனிதரின் முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை கூட்டிப் போங்கள் என்பேன். அடுத்த தடவை என்பார். கோபமாகச் சொன்னதில்லை. தாதா இறந்த செய்தி வந்தபோதும் அவர் தனியாகத்தான் போனார். இப்போது மாமாவும் இல்லை. அவர்கள் இருவரும் கப்பலில் அடுத்தடுத்த படுக்கையில் கிடந்தபோது பேசியிருக்க வேண்டியதை, வயதான பிறகு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது.